மெமரி கார்டு வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!



விளையாட்டு விழாவுக்காக நம் பள்ளிக் கேமராவுக்குப் புது மெமரி கார்டு வாங்கப் போகிறார்கள். எல்லாரும் காசு போட்டிருக்கோம். "ஏதாவது ஒண்ணு வாங்கினா போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். போதாது! டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் மாமாவிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கார்டுக்குள் என்ன இருக்கு?

முன்பு பிலிம் சுருள். இப்போது பிளாஷ் மெமரி என்னும் சில்லு. ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் வேலை பார்த்த புஜியோ மசுவோகா என்பவர் 1980-களில் இதைக் கண்டுபிடித்தார். கரண்ட் இல்லாவிட்டாலும் இதில் பதிந்தது அழியாது. அதனால்தான் கேமராவை அணைத்தாலும் படம் அப்படியே இருக்கு.

கேமராவுக்குப் பொருந்துமா?

எஸ்.டி. கார்டு: 2 ஜி.பி. வரை.
எஸ்.டி.எச்.சி. (2006-ல் வந்தது): 32 ஜி.பி. வரை.
எஸ்.டி.எக்ஸ்.சி. (2009-ல் வந்தது): 2 டி.பி. வரை.

மூன்றும் பார்க்க ஒரே அளவுதான். ஆனால் பழைய கேமராவுக்குப் புது வகைக் கார்டு புரியாது. நம் பள்ளிக் கேமரா எஸ்.டி.எச்.சி. வரைக்கும்தான் எடுக்கும். 64 ஜி.பி. வாங்கினால் காசு தண்டம்.

வேகம் எப்படிப் பார்ப்பது?

கார்டில் பெரிசா போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க. அது பெரும்பாலும் படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேகம். நமக்கு வேண்டியது பதியும் வேகம். ஆங்கில 'சி' எழுத்துக்குள் ஒரு எண் இருக்கும். 4 என்றால் நொடிக்குக் குறைந்தது 4 எம்.பி. பதியும், 10 என்றால் 10 எம்.பி. 'யு' எழுத்துக்குள் 1 இருந்தால் 10 எம்.பி., 3 இருந்தால் 30 எம்.பி.

கபடியில் ரெய்டு போகும்போது தொடர்ந்து 10 படம் எடுக்கிறோம். ஒரு படம் 5 எம்.பி. என்றால் மொத்தம் 50 எம்.பி. நொடிக்கு 4 எம்.பி. பதியும் கார்டுக்கு 12 நொடிக்கு மேல் ஆகும். 10 எம்.பி. பதியும் கார்டுக்கு 5 நொடி போதும். மெதுவான கார்டு எழுதி முடிப்பதற்குள் ரெய்டே முடிஞ்சிடும்!

போலி கார்டு, ஜாக்கிரதை!

எங்க பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு அண்ணன் பாதி விலையில் கிடைத்த கார்டைப் போட்டு எடுத்தான். மேலே 64 ஜி.பி. என்று இருந்தது. மாமா சோதித்தபோது உள்ளே இருந்தது 8 ஜி.பி.தான்! அளவைப் பொய்யாகக் காட்டும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். உண்மையான இடம் நிறைந்த பிறகு எடுத்த படம் எதுவுமே திறக்கவில்லை. தாத்தா அட்சதை போட்டு ஆசீர்வாதம் பண்ணின படமும் அதில்தான் இருந்தது. இப்போ தாத்தா இல்லை. அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க முடியுமா?

அதனால் இதையெல்லாம் செய்யுங்க:

1. பில் தரும் கடையில் வாங்குங்க. ரொம்ப மலிவு என்றால் சந்தேகப்படுங்க.
2. விழாவுக்கு முன்பே கார்டு நிறைய பைல்களை ஏற்றி, எல்லாம் திறக்குதா என்று பாருங்க.
3. கார்டை அந்தக் கேமராவிலேயே பார்மட் செய்யுங்க. ஆனால் பழைய படங்களை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கணும்.
4. கேமரா பதிந்துகொண்டிருக்கும்போது கார்டை உருவாதீங்க.
5. தெரியாமல் படம் அழிந்துவிட்டால் அந்தக் கார்டில் மேலும் படம் எடுக்காதீங்க. மென்பொருள் வைத்து மீட்க வாய்ப்பு உண்டு.

என் யோசனை: 32 ஜி.பி. ஒன்று வாங்குவதைவிட, 10 போட்ட 16 ஜி.பி. கார்டு இரண்டு வாங்கலாம். ஒன்றிலேயே ஏறக்குறைய 3000 படம் பிடிக்கும். ஒன்று கெட்டாலும் இன்னொன்றில் பாதி விழாவாவது மிஞ்சும். ஆசிரியர்கள் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி