ஈயின் மரபணு எலியின் மூளையில்!

தாம்பரம் மார்க்கெட்டிலோ குரோம்பேட்டைப் பழக்கடையிலோ, அதிகம் கனிந்த வாழைப்பழங்களை மிகச் சிறிய ஈக்கள் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவந்த கண்கள், நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். பழ ஈ என்றும், டிரோசோபிலா என்றும் இவற்றைச் சொல்வார்கள். இந்த ஈக்கும் நமக்கும் ஏதாவது உறவு உண்டா?

உண்டு. அதுவும் மூளைக்குள்ளேயே!

பழ ஈயின் மூளையில் சுமார் 1,40,000 நரம்புச் செல்கள். நம் மூளையிலோ சுமார் 8,600 கோடி. ஆனால், ஈயின் கருவில் மூளையின் முன்பகுதி உருவாக 'ஆர்த்தோடென்டிக்கிள்' என்ற மரபணு வேலை செய்தாக வேண்டும். அது பழுதானால் அப்பகுதியில் பெரும்பாலானது உருவாவதில்லை. இதே மரபணுவின் உறவுகள் சுண்டெலியிலும் மனிதரிலும் உள்ளன. 'ஓடிஎக்ஸ்-1', 'ஓடிஎக்ஸ்-2' என்பவை அவை. ஓடிஎக்ஸ்-2 இல்லாத சுண்டெலிக் கருவில் தலையின் முன்பகுதியே வளர்வதில்லை.

தோற்றம் ஒத்திருந்தால் மட்டும் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? 1998-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் மரபணுக்களை இடம் மாற்றிப் பார்த்தனர். பழுதான ஈக்கருவில் மனித மரபணுவைச் செயல்பட வைத்தனர். இல்லாமல் போயிருக்க வேண்டிய மூளைப் பகுதி உருவாயிற்று! ஓடிஎக்ஸ்-1 இல்லாத சுண்டெலிகளுக்கு வலிப்பு வரும். அந்த மரபணுவின் இடத்தில் ஈயின் மரபணுவை வைத்தபோது வலிப்பு நீங்கியது.

ஆனால் ஒரு குறை மட்டும் தீரவில்லை. உட்செவியின் மூன்று அரைவட்டக் கால்வாய்களில் ஒன்று உருவாகவேயில்லை. ஏன்? சற்று யோசியுங்கள். ஈக்கு அத்தகைய செவியே கிடையாது! அந்தக் கால்வாய் தாடையுள்ள முதுகெலும்பிகளுக்கு மட்டுமே உரியது. அதை அமைக்கும் வேலை ஈயின் மரபணுவுக்கு எப்படித் தெரியும்?

ஈக்கும் நமக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. மூளையை அமைக்கும் மரபணு அப்போதே இருந்திருக்க வேண்டும். பரிணாமம் பழைய வீட்டை இடிக்காமல் புதிய அறைகளைச் சேர்க்கும் கொத்தனாரைப் போன்றது. பழைய மரபணு பழைய வேலையையும் விடவில்லை; புதிய வேலையையும் ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டிலும் இவ்வாய்வு நடக்கிறது. 1970-களில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஒபைத் சித்திகி பழ ஈயின் நரம்பு மண்டலத்தை ஆராயத் தொடங்கினார். பின்னர் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை நிறுவினார். 2014-இல் அம்மையத்தினர், ஈயின் மூளையில் ஒரே ஒரு மூலச்செல்லின் வழிவந்த செல்களில் மட்டும் ஆர்த்தோடென்டிக்கிளை நீக்கினர். அவை மணத்தை உணர உதவும் நரம்புச் செல்களாக மாறிவிட்டன!

செய்து பாருங்கள்: கண்ணாடிப் பாட்டிலில் கனிந்த வாழைப்பழத் துண்டைப் போட்டுத் திறந்து வையுங்கள். ஈக்கள் நுழைந்ததும் வாயைப் பஞ்சால் அடையுங்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ என்ற நான்கு நிலைகளும் சுமார் பத்து நாட்களில் நிறைவுறும். எந்த நாளில் எதைக் கண்டீர்கள் என்று குறித்து வாருங்கள்.