கணினித்திரையை மதிப்பிடுதல்: விளையாட்டு, கலைப்பணி, தமிழெழுத்து

கணினித்திரை வைக்கப்பட்டிருக்கும் பெட்டியின்மீது பல எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வினாவிற்கு விடை. நம் வினா எதுவெனத் தெளியாமல் பெரிய எண்ணையே நாடுவோர், தமக்குப் பயன்படாத ஒன்றிற்கு விலை கொடுப்பர்.

விளையாட்டிற்கு உரியது புதுப்பிப்பு வீதம். திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதை அது உணர்த்தும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி நிற்கும்; 144 ஹெர்ட்ஸ் திரையில் 6.9 மில்லிநொடியே நிற்கும். மறுமொழி நேரம் என்பது இதனின் வேறு. பிக்சல் எனப்படும் படவணு ஒன்று, ஒரு நிறத்திலிருந்து மற்றொரு நிறத்திற்கு மாற எடுத்துக்கொள்ளும் காலம் அது. விளம்பரங்களில் காணும் '1 மில்லிநொடி' பெரும்பாலும் மிகச் சாதகமான அமைப்பில் அளந்தறிந்த எண்ணாகும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை.

ஓவியம், நிழற்படம், காணொளி ஆகிய பணிகளுக்கு விரைவைவிட நிறமே முதன்மையானது. இணையத்தில் வழங்கும் படங்களுக்குப் பொது அளவுகோலாக விளங்குவது, 1996இல் முன்மொழியப்பட்ட எஸ்ஆர்ஜிபி நிறவெளி. 'எஸ்ஆர்ஜிபி 100 விழுக்காடு' என்னும் குறிப்பு, திரை எவ்வளவு பரந்த நிறங்களைக் காட்டவல்லது என்பதையே கூறும். அந்நிறங்கள் துல்லியமானவையா என்பதைக் கூறாது. துல்லியத்தை உணர்த்துவது டெல்டா ஈ என்னும் அளவு. அது 2க்குக் கீழ் இருப்பின் நிற வேறுபாட்டைக் கண்ணால் உணர்தல் அரிது.

ஆசிரியரும் மாணவரும் திரைமுன் மிகுதியாகச் செய்வது படித்தலும் எழுதுதலுமே. அதற்குரிய அளவு படவணு அடர்த்தி, அதாவது ஓர் அங்குலத்தில் அமையும் படவணுக்களின் எண்ணிக்கை. 1920க்கு 1080 படவணுக்கள் கொண்ட 24 அங்குலத் திரையில் இவ்வடர்த்தி ஏறத்தாழ 92. அதே படவணுக்கள் 27 அங்குலத்தில் பரவும்போது அது 82ஆகக் குறையும். திரை பெரிதாகியும் எழுத்தின் தெளிவு குன்றுகிறது.

இக்குறை தமிழெழுத்தைச் சிறப்பாகப் பாதிக்கும். மனம், மணம் ஆகிய சொற்களை வேறுபடுத்துவது ஒரு சுழி. எரி, ஏரி என்பவற்றை வேறுபடுத்துவது ஒரு சிறு கோடு. மெய்யெழுத்தைக் காட்டுவது தலைமேல் நிற்கும் ஒரு புள்ளி. 27 அங்குலத் திரைகள் இரண்டை ஒப்பிடுவோம். 2560க்கு 1440 படவணுக்கள் உள்ள திரையில் 12 பாயிண்ட் எழுத்திற்குப் பொதுவாக 16 படவணு உயரம் கிடைக்கும். 3840க்கு 2160 உள்ள திரையில், காட்சியளவை 150 விழுக்காடாக அமைத்தால், கண்ணுக்கு அதே அளவில் தோன்றும் எழுத்திற்கு 24 படவணு உயரம் கிடைக்கும். சுழியும் புள்ளியும் கலங்காமல் நிற்க இவ்வேறுபாடு உதவும். எழுத்தைப் பெரிதாக்கியும் தெளிவு பெறலாம். ஆனால் ஒரு பக்கத்தில் காணக்கூடிய வரிகள் குறைந்துவிடும்.

விளையாட்டில் சிறந்து விளங்கும் ஓஎல்இடி திரைகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றுட் சிலவற்றில் சிவப்பு, பச்சை, நீல நுண்கூறுகள் வழக்கமான வரிசையில் அமைவதில்லை. அதனால் எழுத்தின் ஓரங்களில் மெல்லிய நிறக்கசிவு தோன்றலாம். மாறாது நிற்கும் படம் நாளடைவில் தழும்பாகப் பதியும் வாய்ப்பும் உண்டு.

திரை வாங்கச் செல்வோர் கடையிலேயே இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். மேற்கூறிய நான்கு சொற்களையும் 12 பாயிண்ட் அளவில் தட்டச்சிட்டு, கைநீளத் தொலைவிலிருந்து நோக்குக. பின்னர்ப் பக்கவாட்டிலிருந்தும் நோக்குக. எழுத்தை உற்றுநோக்கித்தான் அறிய வேண்டியிருப்பின், இப்போதுதான் எழுத்துக் கற்கும் குழந்தைக்கு அத்திரை உதவாது. வகுப்பறைக்குத் திரை தெரிவுசெய்யும் பொறுப்பிலிருப்போர், ஹெர்ட்ஸ் எண்ணைக் கேட்பதற்கு முன் இச்சோதனையைச் செய்தல் நன்று.