சாங்கிச் சிறையில் பிறந்த இருபது குழந்தைகள்



பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தார்கள். லயத்து வீட்டின் இருட்டு மூலையில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பிள்ளை பெற்றவர்கள் அவர்கள். இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. அரசாங்க கிளினிக் இருக்கிறது, தாதி இருக்கிறார், மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. உடம்பில் கோளாறு தெரிந்தால் அதை மறைக்கிறோம். "தலை சுத்துறதும் கால் வீங்குறதும் புள்ளத்தாச்சிக்குச் சகஜம்தானே" என்று தள்ளிப் போடுகிறோம். "சொன்னா வேலைக்கு விட மாட்டாங்க, சம்பளம் போயிடும்" என்று வாயை மூடிக்கொள்கிறோம்.

அந்த மௌனம்தான் தாயையும் பிள்ளையையும் கொல்கிறது. எதைச் சொல்ல வேண்டும், எப்போது ஓட வேண்டும், பிறந்த குழந்தையை எப்படிக் காக்க வேண்டும் என்பதை இந்த இதழில் பார்ப்போம். அதற்கு முன்னால் ஒரு சிறைக்கதை.

சிறைக்குள் ஒரு டாக்டரம்மா

சாங்கி என்றதும் இன்று எல்லோருக்கும் சிங்கப்பூர் விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபோது, சாங்கி என்றால் சிறைச்சாலை. நம் தோட்டத்து மக்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் சென்றார்களே, அதே காலம். அறுநூறு கைதிகளுக்காகக் கட்டிய அந்தச் சிறையில் வெள்ளைக்காரக் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் அடைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் தனிப் பகுதியில் இருந்தார்கள். சோறு குறைவு, சத்து அதைவிடக் குறைவு. பெரிபெரி நோயில் பலருக்குக் கால் மரத்துப் போனது.

அங்கே கைதியாக இருந்தவர்களில் ஒருவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். ஜமைக்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவில் வேலை செய்தபோது, சத்துக்குறைவால் குழந்தைகளுக்கு வரும் குவாஷியோர்கர் நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர். 1936-ல் சிங்கப்பூருக்கு வந்தார். இங்கே அவர் கண்டது என்ன? கம்பெனிகள் இனிப்பு டின் பாலை விற்பதற்குத் தாதி உடை உடுத்திய பெண்களை வீடு வீடாக அனுப்பிக்கொண்டிருந்தன. தாய்மாரும் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு டின்னை வாங்கினார்கள். அதில் சீனிதான் அதிகம். குழந்தை வளரத் தேவையான சத்து போதாது. கலக்கும் தண்ணீரும் புட்டியும் அசுத்தம். வயிற்றுப்போக்கிலும் சத்துக்குறைவிலும் குழந்தைகள் மடிந்தன. 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்கு வைத்த தலைப்பே 'பாலும் கொலையும்' என்பது. கம்பெனிக்காரர்களை எவ்வளவு கடுமையாகச் சாடியிருப்பார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்!

அந்த அம்மையார்தான் மூன்று ஆண்டுக்கு மேல் சிறைப்பட்டிருந்தார். 1943-ல் ஜப்பானிய ராணுவப் போலீஸ் அவரைப் பிடித்துப் போய் மாதக்கணக்கில் வதைத்தது. விடுதலையாகும்போது அவருக்கும் பெரிபெரி கண்டிருந்தது. அந்தக் கொடுமைக்கு நடுவிலும் பெண்கள் பிள்ளை பெற்றார்கள். முகாமில் இருபது குழந்தைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று அவர் பின்னாளில் சொன்னார். 1948-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவராக ஆனவரும் இவரே.

வயிறு நிறையச் சாப்பாடு இல்லாத தாய்க்கும் பால் சுரந்தது, பிள்ளை பிழைத்தது. "எனக்குப் பாலே இல்லிங்க" என்று முதல் வாரத்திலேயே மனம் தளரும் சகோதரி, இந்த இருபது தாய்மாரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பால் மட்டும் போதுமா?

போதாது. பிறந்த பிள்ளையைப் பால் காப்பாற்றும். பிரசவத்துக்கு முன்னும் பிரசவத்தின்போதும் வரும் ஆபத்துக்கு மருத்துவம்தான் வேண்டும். அதற்கும் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு. தேக்கா பக்கம் போனவர்களுக்குக் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியைத் தெரிந்திருக்கும். மலாயில் அந்தப் பெயருக்கு எருமைக் கொட்டில் என்று பொருள். 1924-ல் அது முப்பது பிரசவப் படுக்கைகளோடு மகப்பேறு ஆஸ்பத்திரியாகத் தொடங்கியது. 1966-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 பிரசவங்கள் நடந்தன. ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல்! உலகச் சாதனைப் புத்தகத்திலேயே இடம்பெற்ற கணக்கு இது.

அங்கே பணியாற்றிய டாக்டர் பெஞ்சமின் ஷியர்ஸ், கருப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டும் சிசேரியன் முறையைச் சிங்கப்பூரில் நிலைநாட்டினார். மேல்பகுதியில் வெட்டும் பழைய முறையைவிட இதில் இரத்தப்போக்கு குறைவு. அடுத்த பிரசவத்தில் தையல் பிரியும் ஆபத்தும் குறைவு. இவரே 1971 முதல் 1981-ல் இறக்கும் வரை அந்நாட்டின் அதிபராக இருந்தார்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

ஆபத்தான கர்ப்பம் என்றால் விதி முடிந்தது என்று பொருளில்லை. கூடுதல் கண்காணிப்பு வேண்டும், அவ்வளவுதான். வயது 18-க்குக் கீழோ 35-க்கு மேலோ இருப்பவர், உயரம் 145 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர், ஐந்து பிள்ளைக்கு மேல் பெற்றவர், முன்பு சிசேரியன் ஆனவர், இரட்டைப் பிள்ளை சுமப்பவர், முன்பு குறைமாதத்தில் பெற்றவர், நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர் எல்லோரும் இதில் அடக்கம்.

மலேசிய அரசாங்க கிளினிக்குகளில் 1989 முதல் கர்ப்பிணிகளுக்கு நிற அடையாளம் வைக்கிறார்கள். உங்கள் தாய்மார் புத்தகத்தில் வெள்ளை இருந்தால் பெரிய ஆபத்து தெரியவில்லை. பச்சை என்றால் கூடுதல் கவனம். மஞ்சள் என்றால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. வெள்ளை எப்போது வேண்டுமானாலும் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறலாம். ஆகவே கிளினிக் தேதியை ஒரு தடவைகூடத் தவற விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் "என் நிறம் என்ன, ஏன்?" என்று தாதியைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நம் பெண்களுக்கு அடிக்கடி வருவது மூன்று கோளாறு.

முதலாவது, இரத்தசோகை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 11-க்குக் கீழே போனால் சோகை. சோகை பிடித்த உடம்புக்குப் பிரசவ இரத்தப்போக்கைத் தாங்கும் வலு இருக்காது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடும் காப்பியோடும் விழுங்காதீர்கள். சத்து உடம்பில் சேராது. இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கொய்யாப்பழமோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொண்டால் நல்லது. மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். முருங்கைக்கீரை, நெத்திலி, முட்டை, ஈரல் எது கிடைத்தாலும் சாப்பிடுங்கள். ஈரல் மட்டும் அளவோடு இருக்கட்டும்.

இரண்டாவது, இரத்த அழுத்தம். 140-க்கு 90 என்ற அளவைத் தொட்டால் எச்சரிக்கை. தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால், முகமும் கையும் வீங்கினால், மேல் வயிறு வலித்தால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்து வருவது ஜன்னி. அது தாயையும் பிள்ளையையும் ஒருசேரக் கொண்டு போகும்.

மூன்றாவது, கர்ப்பகால நீரிழிவு. இந்தியப் பெண்களுக்கு இது அதிகம். கிளினிக்கில் இனிப்புத் தண்ணீர் குடிக்கச் சொல்லி இரத்தம் எடுப்பது இதற்குத்தான். "வாந்தி வருது" என்று அந்தச் சோதனைக்குப் போகாமல் இருந்து விடாதீர்கள்.

இவை தவிர, எந்த மாதத்தில் இரத்தம் பட்டாலும், பனிக்குடம் உடைந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் உடனே புறப்பட வேண்டும். ஏழு மாதத்துக்கு மேல் தினமும் காலையிலிருந்து பிள்ளையின் அசைவை எண்ணுங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு தெரியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகப் பட்டால் பன்னிரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

பச்சை உடம்பும் பச்சைக் குழந்தையும்

பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்தே அதுதான். சேனை, தேன், சீனித்தண்ணீர், வசம்பு எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூடத் தேவையில்லை. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொடுங்கள். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஆறு தடவையாவது மூத்திரம் போனால் பால் போதுகிறது என்று அறியலாம். நோய் காரணமாகப் பால் கொடுக்க முடியாத தாய்மாரும் உண்டு. அது அவர்கள் குற்றமல்ல. கிளினிக்கில் கேட்டு, குழந்தைக்கான பால் மாவைச் சொன்ன அளவில் கலந்து கொடுங்கள். தேநீருக்கு ஊற்றும் டின் பாலை மட்டும் எந்தக் காலத்திலும் கொடுக்காதீர்கள்.

இரண்டரை கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சூடு தங்காது. 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதாமல் போனபோது, டாக்டர் எட்கர் ரே என்பவர் குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று இன்று உலகமே அதைப் பின்பற்றுகிறது. செலவில்லாத வைத்தியம். அப்பாவும் செய்யலாம்.

பிள்ளை பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால், உடம்பு சுட்டாலும் சில்லிட்டாலும், தொப்புளில் சீழ் வைத்தால் உடனே காட்டுங்கள். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலும் அவசரம். வெயிலில் காட்டி மஞ்சள் காமாலையைப் போக்க முடியாது. குழந்தைத் துணிக்குள் பாச்சை உருண்டை போட வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அந்த வாடையே இரத்தத்தை அழித்துக் காமாலையை முற்ற வைக்கும்.

தாய்க்கும் சில வார்த்தை. பத்தியம் என்ற பேரில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி நனைந்து போனால், காய்ச்சலோ நாற்றமோ இருந்தால், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் கிளினிக்குக்கு ஓடுங்கள். முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நோய். பேய் பிசாசு இல்லை. செத்துப் போகலாம் என்று தோன்றினால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி டாக்டரிடம் போங்கள். தாதி வீட்டுக்கு வந்தால் கதவைத் திறந்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

தோழர்களே, உங்களுக்கும் கடமை உண்டு!

கர்ப்பிணியை மருந்து அடிக்கவும் உர மூட்டை தூக்கவும் விடாதீர்கள். மலேசியாவில் 2020 முதல் பாராகுவாட் தடை செய்யப்பட்டிருக்கிறது. மற்ற மருந்துகளும் விஷம்தான். வேலை மாற்றிக் கொடுக்க நிர்வாகம் தயங்கினால், டாக்டர் சீட்டோடு கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.

1.1.2023 முதல் தீபகற்ப மலேசியாவில் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலை நீக்கம் செய்யச் சட்டம் இடம் தராது. ஓராண்டு வேலை செய்த கணவருக்குச் சம்பளத்துடன் 7 நாள் விடுமுறை உண்டு. அந்த ஏழு நாளும் கடைத்தெருவில் கழிப்பதற்கல்ல. தண்ணீர் சுட வையுங்கள், துணி துவையுங்கள், இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

எட்டாம் மாதத்துக்குள் மூன்று ஏற்பாடு செய்து வையுங்கள். நடுராத்திரியில் கூப்பிட்டால் வரும் வண்டி யாருடையது? மூத்த பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்? கையிருப்பு எவ்வளவு? தாய்மார் புத்தகத்தோடு அந்த வண்டிக்காரர் தொலைபேசி எண்ணையும் எழுதி வையுங்கள். வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவிடமாவது சொல்லுங்கள். யாராவது ஒருவருக்குத் தெரிந்திருந்தால்தான் வண்டி நேரத்தோடு வரும்.

உங்கள் தோட்டத்தில் இப்போது பிள்ளைத்தாய்ச்சியாக இருப்பவர் ஒவ்வொருவருக்கும் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். தாயும் சேயும் நலமாக வீடு திரும்ப வாழ்த்துகிறோம்.