படிக்கட்டின் அடியில் ஒரு குழந்தை வண்டி

புது தில்லி: மயூர் விஹார், முனிர்கா, ஜனக்புரி, வசந்த் குஞ்ச் எனத் தலைநகரின் எந்தப் பகுதியிலும் நான்கு தள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாயிலில் நுழைந்தால் காணக்கிடைப்பது ஏறத்தாழ ஒரே காட்சிதான். சுவரில் மின் மீட்டர் பலகை. அதற்குக் கீழே வரிசையாகத் தண்ணீர் மோட்டார்கள். முதல் படிவரிசையின் சரிவுக்கு அடியில் காற்றிழந்த சைக்கிள், கோடை முடிந்து ஓரங்கட்டப்பட்ட கூலர், அவற்றுடன் சங்கிலியால் பிணைத்துப் பூட்டப்பட்ட ஒரு குழந்தைத் தள்ளுவண்டி.

சிறிய பொருள்தான். எனினும், குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களில் குரல்கள் உயர இது போதுமானதாக இருக்கிறது. தங்கள் வாசலை அடைத்துக்கொண்டு வண்டி நிற்கிறது என்கிறது தரைத்தளக் குடும்பம். கைக்குழந்தையையும் வண்டியையும் ஒருசேரச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறுவது எப்படி என்று கேட்கிறது மேல்தளக் குடும்பம். 'பொது இடத்தில் தனியார் பொருள்களை வைக்கக் கூடாது' என்று சங்கத்தின் அறிவிப்பு ஒட்டப்படுகிறது. சைக்கிளும் கூலரும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்க, புதிதாக வந்த தள்ளுவண்டி மட்டும் ஆட்சேபத்துக்கு உள்ளாவதும் உண்டு. இரு தரப்பிலும் நியாயம் இருப்பதுதான் இந்தச் சச்சரவை எளிதில் தீர்க்க முடியாததாக்குகிறது.

இதன் வேர் அக்குடியிருப்புகள் திட்டமிடப்பட்ட காலத்தில் இருக்கிறது. 1957-இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட தில்லி வளர்ச்சி ஆணையம், வீடு கட்டி ஒதுக்கும் பணியை 1967-இல் தொடங்கியது. ஜனதா, குறைந்த வருவாய்ப் பிரிவு, நடுத்தர வருவாய்ப் பிரிவு, சுயநிதித் திட்டம் எனப் பல வகைகளில் எழுந்த வீடுகளில் பெரும்பாலானவை தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று தளங்களும் கொண்டவை, லிஃப்ட் இல்லாதவை. 1979-இல் அறிவிக்கப்பட்ட புதிய பதிவுத் திட்டத்தில் மட்டும் 1.7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டிப் பதிவு செய்தனர். அவர்களில் பலர் சாவியைக் கையில் வாங்க இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தனர். பதிவு செய்தபோது கைக்குழந்தை வைத்திருந்தவர், வீடு கிடைத்தபோது அந்தக் குழந்தைக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார். எந்தத் தளம் என்பதையும் குலுக்கல்தான் தீர்மானித்தது.

அன்றைய திட்டமிடலில் வாகனங்களுக்கு இடம் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. நடுத்தர வருவாய்ப் பிரிவினருக்கான குடியிருப்புகள் பலவற்றில் ஸ்கூட்டர் நிறுத்துவதற்கென்றே சிறு கொட்டில்கள் கட்டப்பட்டு, தனி விலைக்கு ஒதுக்கப்பட்டன. அலுவலகத்துக்குச் செல்லும் குடும்பத் தலைவரின் ஸ்கூட்டர் வரைபடத்தில் இடம்பெற்றது. பகலெல்லாம் வீட்டில் இருக்கும் தாயும் குழந்தையும் மாலையில் வெளியே செல்வார்கள் என்பது அந்த வரைபடத்தில் இல்லை. இத்தனைக்கும், பெரும்பாலான குடியிருப்புத் தொகுதிகளுக்கு எதிரிலேயே பூங்காக்களை அமைத்ததும் இதே ஆணையம்தான். வாயிலிலிருந்து பூங்கா ஐம்பது அடி தூரம். வீட்டிலிருந்து வாயிலோ ஐம்பதுக்கும் மேற்பட்ட படிகள்.

கணக்கு எளியது. ஒரு தளத்துக்கு ஏறத்தாழ 18 படிகள் என்றால் மூன்றாம் மாடிக்கு 54 படிகள். ஒரு வயதுக் குழந்தையின் எடை 9 கிலோ அளவில் இருக்கும். குடைபோல் மடங்கும் எளிய ஸ்ட்ரோலர் 6 அல்லது 7 கிலோ. மெத்தையும் பெரிய சக்கரங்களும் கொண்ட பிராம் 10 கிலோவைத் தாண்டும். பால் புட்டியும் மாற்றுத்துணியும் அடங்கிய பையைச் சேர்த்தால், ஒரு முறை இறங்கி ஏற 20 கிலோ சுமை. முதலில் வண்டியை இறக்கிவிட்டுப் பிறகு குழந்தையை எடுத்துவர வேண்டுமானால், அந்த இடைவெளியில் குழந்தை வீட்டில் தனித்திருக்க வேண்டும். அறுவை சிகிச்சை மூலம் குழந்தை பெற்று வந்தவர்களிடம் பளு தூக்க வேண்டாம் என்றே மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். ஊரிலிருந்து பேறுகாலத் துணைக்கு வரும் தாயாருக்கோ முழங்கால் வலி. தில்லித் தமிழர் வீடுகள் பலவற்றில் தூளி இன்றும் உத்தரத்துக் கொக்கியில் தொங்குகிறது. அது தரையில் இடத்தை அடைப்பதில்லை. ஆனால், குழந்தையை வெயில் படும் இடத்துக்குக் கொண்டுசெல்ல அதனால் இயலாது. குளிர்காலத்து தில்லியில் கீழ்த்தளங்களின் உள்ளறைகளில் வெயில் எட்டிப் பார்ப்பதே அரிது.

ஆகவே, வண்டி படிக்கட்டின் அடியில் நிற்கிறது. அங்கேதான் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. இக்கட்டடங்களில் படிக்கட்டு ஒன்றுதான். மேல்தளத்தார் இறங்கி வர வேறு வழி கிடையாது. ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் அரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள வண்டியை நிறுத்தினால், எஞ்சுவதில் ஒருவர் பக்கவாட்டில் நுழைந்துதான் செல்ல முடியும். அதே இடத்தில்தான் மீட்டர் பலகையும் இருக்கிறது. பஞ்சு, ரெக்சின், பிளாஸ்டிக் ஆகியவற்றால் ஆன வண்டி எளிதில் தீப்பற்றக்கூடியது. அடர்ந்த நச்சுப்புகையை உண்டாக்கக்கூடியது.

இது கற்பனையான அச்சம் அன்று. 2019 ஆகஸ்டில் தென்கிழக்கு தில்லியின் ஜாகிர் நகரில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் நள்ளிரவுக்குப் பின் பற்றிய தீ, தரைத்தள மீட்டர் பலகையிலிருந்து தொடங்கி, கீழே நின்ற வாகனங்களுக்குப் பரவியது. இறந்தவர்களில் குழந்தைகளும் அடங்குவர். 2024 மார்ச்சில் ஷாஹ்தரா பகுதியின் சாஸ்திரி நகரில், வீட்டின் கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் மூண்ட தீயின் புகை மேலேறி, இரு குழந்தைகள் உட்பட 4 பேரின் உயிரைப் பறித்தது. இரண்டு இடங்களிலும் எரிந்தது குழந்தை வண்டி அன்று. ஆனால், கீழே மூளும் தீ, படிக்கட்டையே புகைபோக்கியாக்கிக்கொள்கிறது என்பதை இரண்டும் காட்டின. எந்தக் குழந்தைக்காக வண்டி அங்கே நிறுத்தப்படுகிறதோ அந்தக் குழந்தையும் அதே படிக்கட்டுக்கு மேல்தான் உறங்குகிறது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? தேசியக் கட்டட விதித்தொகுப்பும் தில்லியின் கட்டட விதிகளும் லிஃப்டைக் கட்டாயமாக்கப் பொதுவாக 15 மீட்டர் உயரத்தையே எல்லையாகக் கொண்டன. 2010-இல் வகுக்கப்பட்ட தில்லி தீயணைப்புப் பணி விதிகளும், 15 மீட்டருக்கு மேற்பட்ட அல்லது தரைத்தளத்துக்கு மேல் நான்கு தளங்கள் கொண்ட குடியிருப்புக் கட்டடங்களுக்கே தீப் பாதுகாப்புச் சான்றிதழைக் கட்டாயமாக்கின. தரைத்தளமும் மூன்று தளங்களும் கொண்ட கட்டடத்தின் உயரம் 12 மீட்டர் அளவில்தான். எனவே, லிஃப்ட் வைக்கும் கட்டாயமும் அதற்கு இல்லை. படிக்கட்டு அடைபட்டிருக்கிறதா என்று வந்து பார்க்க வேண்டிய கட்டாயம் எந்த அதிகாரிக்கும் இல்லை. தில்லியின் நடுத்தர வர்க்கத்தில் கணிசமானோர் வாழ்வது இந்த இரண்டு விதிகளின் கண்ணுக்கும் தப்பிய உயரத்தில்தான்.

1986-ஆம் ஆண்டு தில்லி அடுக்குமாடி உரிமைச் சட்டம் படிக்கட்டுகளையும் நுழைவாயில்களையும் பொது உபயோகப் பகுதிகளாக வரையறுக்கிறது. அவற்றில் எல்லா உரிமையாளர்களுக்கும் பிரிக்கப்படாத பங்கு உண்டு. பிரிக்கப்படாத பங்கு என்றால், எவரும் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொள்ள முடியாது என்பது பொருள். நடைமுறையிலோ, முதலில் பொருளைக் கொண்டுவந்து வைத்தவருக்கே மூலை சொந்தமாகிறது. வாடகைக்கு இருப்போரின் நிலை இன்னும் மோசம். கைக்குழந்தையுடன் இருக்கும் இளம் தம்பதியர் பெரும்பாலும் வாடகைதாரர்களே. சங்கக் கூட்டத்தில் பேசுவதோ உரிமையாளர்கள்.

நிலையான தீர்வு லிஃப்ட் என்பதில் ஐயமில்லை. 2022 நவம்பரில் கால்காஜியில் குடிசைவாசிகளுக்காகத் திறக்கப்பட்ட 3,024 வீடுகளில் லிஃப்ட் வசதி உண்டு. சரோஜினி நகர், நேதாஜி நகர் ஆகிய அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்திலும் உயர்ந்த கோபுரங்களே எழுகின்றன. பழைய நான்கு தளக் குடியிருப்புகளில் வெளிப்புறமாக லிஃப்ட் பொருத்திக்கொள்ளவும் அனுமதி பெற வழி இருக்கிறது. தடை நிற்பது அக்கம்பக்கத்தாரின் சம்மதத்தில். லிஃப்ட் கூண்டு எழுவது தரைத்தள வீட்டின் சன்னலுக்கு எதிரே; வெளிச்சமும் காற்றும் குறைவது அவர்களுக்கு. பயனோ மேல்தளத்தாருக்கு, வீட்டின் விலை உயர்வதும் அவர்களுக்கே. தில்லியில் முதியோர் விரும்பி வாங்குவது தரைத்தளத்தை என்பதால், இதுநாள்வரை அதற்கென்றிருந்த மதிப்பு லிஃப்ட் வந்தால் குறையும். இந்த மனக்கணக்கு கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. சில வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன.

அதுவரை செய்யக்கூடியவை சில உண்டு. ஸ்கூட்டர் கொட்டில்களில் பல இன்று பழைய சாமான்களின் கிடங்காகவும் தையல் கடையாகவும் மாறிவிட்டன. ஒரு தொகுதிக்கு ஒன்றை மீட்டு, தள்ளுவண்டிகளுக்கும் சக்கர நாற்காலிகளுக்கும் ஒதுக்கினால் படிக்கட்டு விடுபடும். கட்டடத்துக்கு வெளியே, மீட்டர் பலகைக்கு எட்டாத தொலைவில், கூரையுடன் கூடிய இரும்புக் கூண்டு ஒன்றை அமைக்க ஆகும் செலவு எட்டு வீடுகளுக்குப் பங்கிட்டால் பெரிதன்று. ஆனால் அதற்கும் அனுமதி வேண்டும். அந்த இடத்தில் இப்போது நிற்பதோ யாரோ ஒருவரின் கார். காரை நகர்த்தச் சொல்வதைவிட, குழந்தை வண்டியை மேலே தூக்கிச் செல்லச் சொல்வது சங்க நிர்வாகிகளுக்கு எளிதாக இருக்கிறது.

லிஃப்ட் பொருத்திய கட்டடங்களிலும் ஒரு குறை எஞ்சுகிறது. வெளிப்புறக் கூண்டு பெரும்பாலும் இரண்டு தளங்களுக்கு இடையே படிக்கட்டு திரும்பும் மேடையை ஒட்டியே அமைகிறது. லிஃப்ட் நிற்பதும் அங்கேதான். அதிலிருந்து வண்டியை வெளியே தள்ளி வரும் தாய், வீட்டுக் கதவை அடைய இன்னும் ஒன்பது படிகள் ஏற வேண்டியிருக்கிறது.