உங்கள் மருத்துவப் பதிவுகள்: அனுமதி உங்கள் கையில்

மதுரையில் எடுக்கப்பட்ட ரத்தப் பரிசோதனையின் அறிக்கையைச் சென்னையிலுள்ள மருத்துவர் தம் கணினியில் காண இயலும். மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் ஒரே வலையமைப்பில் இணைந்து வருவதே இதற்குக் காரணம். அவ்வாறாயின், இணைந்திருக்கும் எவரும் நம் நோய் விவரங்களைப் பார்த்துவிடலாமா? இயலாது. உங்கள் ஒப்புதல் தேவை.

2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தில், 14 இலக்க ஆபா எண் பெற்றவரின் பதிவுகள் ஓரிடத்தில் குவிக்கப்படுவதில்லை. அவை உருவான மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ இருக்கின்றன. வேறொரு மருத்துவமனை அவற்றைக் கோரினால், உங்கள் கைபேசிச் செயலிக்கு ஒப்புதல் கோரிக்கை வரும். கோருபவர் யார், நோக்கம் என்ன, எவ்வகைப் பதிவுகள், எந்தக் காலத்தவை, எந்நாள் வரை பார்க்கலாம் என்ற ஐந்தையும் படித்துப் பாருங்கள். பதிவுகளின் வகையையும் காலத்தையும் நீங்கள் குறைக்கலாம், கோரிக்கையை மறுக்கலாம், அளித்த ஒப்புதலைப் பின்னர் திரும்பப் பெறலாம். ஆபா எண் பெறுவதும் உங்கள் விருப்பமே.

எனினும், எதை மறைப்பது என்பதைத் தனியே முடிவு செய்ய வேண்டாம். கண்புரை அறுவைக்கு வருபவர், புராஸ்டேட் வீக்கத்திற்குத் தாம் உட்கொள்ளும் மாத்திரைக்கும் கண்ணுக்கும் தொடர்பில்லை என எண்ணக்கூடும். ஆனால் டாம்சுலோசின் போன்ற மருந்துகள், அறுவையின்போது கண்பாவை சுருங்கக் காரணமாகலாம். முன்னரே அறிந்தால் கண் மருத்துவர் அதற்கேற்ப ஆயத்தமாவார். அதே மருத்துவர், பல்லாண்டுகளுக்கு முன் பெற்ற குழந்தைப்பேற்றுச் சிகிச்சையின் விவரங்களைப் பெரும்பாலும் அறிய வேண்டியதில்லை. ஐயம் இருப்பின், "இந்தப் பதிவு எதற்குத் தேவை?" என்று மருத்துவரிடமே கேளுங்கள். அக்கேள்வியை நாங்கள் தவறாகக் கொள்ள மாட்டோம். ஒவ்வாமை, தற்போது உட்கொள்ளும் மருந்துகள், முந்தைய அறுவைகள் ஆகியவற்றை மட்டும் எந்நிலையிலும் மறைக்காதீர்கள்.

பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். முதியவரின் கணக்கு உங்கள் கைபேசியில் இருந்தாலும் பதிவுகள் அவருடையவை. கோரிக்கையை அவருக்குப் படித்துக் காட்டி, அவர் இசைந்த பிறகே ஒப்புதல் அளியுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் கேட்கும் எவருக்கும், மருத்துவமனையிலிருந்து பேசுவதாகக் கூறினாலும், சொல்லாதீர்கள்.