மெழுகுத்தாள் ஒளிப்படமுறை

மெழுகுத்தாள் ஒளிப்படமுறை என்பது மெழுகு ஊட்டிய தாளில் எதிர்மம் (நெகட்டிவ்) உருவாக்கும் 19ஆம் நூற்றாண்டு முறையாகும். பிரான்சு நாட்டின் குஸ்தாவ் லெ கிரே 1851இல் இதனை வெளியிட்டார்.

உருகிய மெழுகில் தோய்த்த தாள் ஒளியைக் கடத்தும். அதனை அயோடைடு கரைசலிலும், பின்பு வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலிலும் நனைத்து உலர்த்துவர். படம் எடுத்தபின் காலிக் அமிலக் கரைசலில் இட்டால் உருவம் வெளிப்படும். அக்காலத்தில் பரவிவந்த ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகடு காய்வதற்குள் எல்லா வேலையும் முடிந்தாக வேண்டும். தென்னாட்டு வெயிலில் அது எளிதன்று. மெழுகுத்தாளையோ முன்கூட்டியே ஆயத்தம் செய்து, படமெடுத்துச் சில நாள் கழித்தும் கழுவலாம். மாட்டுவண்டிப் பயணத்தில் உடையும் என்ற அச்சமும் இல்லை.

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, 1857–58இல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய ஊர்களில் பெரும்பாலும் இம்முறையையே கையாண்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கியது அவருடைய அரிய பணி. அக்கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதியில் வெளியிடத் தொடங்கியது 1891இல்தான்.

இம்முறையில் குறைகளும் உண்டு. ஒளி படவேண்டிய நேரம் நிமிடக்கணக்கில் நீளும்; எனவே நடமாடும் மனிதர் படத்தில் பதிவதில்லை. ஆளற்றுத் தோன்றும் வீதிகள் உண்மையில் ஆளற்றவை எனக் கொள்ளலாகாது. வானமும் சரியாகப் பதியாததால், டிரைப் எதிர்மத்தின்மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இப்பணி ஆடம்பரச் செலவு எனக் கருதி நிறுத்திவிட்டார்.