விலை கூடினால் இரத்த அழுத்தமும் கூட வேண்டுமா?

"என்ன தம்பி, போன கிழமை இதைவிடக் குறைவாத்தானே இருந்தது? ரொறன்ரோவிலை இதே சாமான் எவ்வளவு மலிவு தெரியுமோ?"

கோட் டி நெய்ஜிலோ பார்க் எக்ஸ்ரென்ஷனிலோ தமிழ்க் கடையொன்றில் காஷில் நிற்பவர்கள் இந்தக் கேள்வியை ஒரு நாளில் எத்தனையோ தடவை கேட்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் தெரிந்தவர். கோயிலிலும் கலியாண வீட்டிலும் மறுபடியும் சந்திக்க வேண்டியவர். ஆகவே திருப்பிச் சொல்லவும் முடியாது, கேட்டுக்கொண்டிருக்கவும் முடியாது. கடைகளிலும் டெப்பனர்களிலும் நாள் முழுவதும் நின்று உழைக்கும் எம்மவர்களின் உடல்நலத்தை மனதில் வைத்தே இம்முறை இப்பகுதியை எழுதுகிறோம்.

ஒருவர் எம்மைக் கள்ளர் என்பதுபோலப் பேசும்போது உடல் அதை ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்றினலின் சுரக்கிறது, இருதயம் வேகமாக அடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. அமெரிக்க இருதயச் சங்கத்தின் சஞ்சிகையில் 2024இல் வெளியான ஓர் ஆய்வில், 280 பேரில் ஒரு பகுதியினரிடம் தமக்குக் கோபமூட்டிய சம்பவம் ஒன்றை 8 நிமிடம் நினைத்துப் பார்க்கும்படி கேட்டார்கள். அவர்களுடைய இரத்தக் குழாய்கள் விரியும் தன்மை 40 நிமிடம் வரை குறைந்திருந்தது. ஆய்வு கடைக்காரர்களைப் பற்றியதல்ல. ஆனாலும் நாளுக்கு நாலைந்து தடவை கோபப்படுபவரின் நிலையை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீரிழிவும் இருதய நோயும் தென்னாசியர்களிடையே இளவயதிலேயே கூடுதலாகக் காணப்படுவதால் இது எமக்குச் சின்ன விடயமல்ல.

அப்படியானால் கோபத்தை விழுங்கிவிட்டுச் சிரித்தால் போதுமா? அதுவும் சரியில்லை. அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷீல்ட், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் ஒரு நூல் எழுதினார். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக முகத்தை வைத்திருப்பதும் ஒரு வேலைதான், அது ஆளைக் களைக்கச் செய்யும் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். முகம் சிரித்தாலும் உள்ளே உடல் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். கோபம் வந்தபின் அடக்குவதைவிட, அது வராமலிருக்க வழி தேடுவதே நல்லது என்பது எமது எண்ணம்.

அதற்கு முதலில் விலை ஏன் ஏறியது என்பது கடையில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காரணம் தெரியாதவருக்குத்தான் கேள்வி குற்றச்சாட்டாகப் படுகிறது. கனடாவில் கடையில் வாங்கும் உணவின் விலை 2022இல் 9.8 வீதம் உயர்ந்தது. 1981இற்குப் பின் அவ்வளவு ஏற்றம் இருந்ததில்லை. 2023இல் மேலும் 7.8 வீதம். அதே ஆண்டு ஜூலை 20இல் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. ஓகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 வீத வரி போட்டது. 2024 செப்டெம்பரில்தான் அந்தத் தடை நீங்கியது. அந்த நாட்களில் அரிசி மூட்டைக்காகக் கடைகளில் எழுந்த வாக்குவாதங்களுக்குக் காஷில் நின்ற பிள்ளை எப்படிப் பொறுப்பாக முடியும்? ரொறன்ரோ ஒப்பீடும் அப்படித்தான். அங்கே தமிழர் தொகை பெரிது, கடைகளும் அதிகம், மொத்தமாக இறக்குகிறார்கள். அங்கிருந்து 500 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வரும் சாமானுக்கு அந்தச் செலவும் சேரும்.

இதையெல்லாம் ஒவ்வொருவருக்கும் பிரசங்கம் செய்யத் தேவையில்லை. "ஓமக்கா, கூடித்தான் போச்சு. எங்களுக்கும் கூட்டித்தான் தாறாங்கள்" என்று சொன்னால் போதும். மறுத்துப் பேசினால்தான் சண்டை வளரும். ஓய்வூதியப் பணத்தில் மாதத்தை ஓட்டும் ஒரு அம்மாவுக்கு இரண்டு டொலர் பெரிய காசு; அவருடைய கோபம் தம்பியின் மேல் அல்ல. பதில் சொல்லுமுன் ஒருமுறை மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீண்டதாக இருந்தால் இருதயத் துடிப்பு தணியும். அவர் போன பிறகு பக்கத்தில் நிற்பவரிடம் அதே கதையைத் திரும்பச் சொல்லிக் கொதிக்காதீர்கள். மேலே சொன்ன ஆய்வில் கோபத்தை நினைத்தது மட்டுமே குழாய்களைப் பாதித்தது.

சில வேளைகளில் வாடிக்கையாளர் சொல்வதே சரியாகவும் இருக்கும். கியூபெக்கில் ஒவ்வொரு பொருளிலும் விலை ஒட்டாமல் ஸ்கானர் பாவிக்கும் கடையில், தட்டில் எழுதிய விலையைவிடக் கூடுதலாக அடித்தால், 15 டொலருக்கு உட்பட்ட பொருளை இலவசமாகக் கொடுக்க வேண்டும். விலை அதைவிடக் கூடியதென்றால் சரியான விலையில் 15 டொலர் கழிக்க வேண்டும். 2025 மே மாதத்துக்கு முன் இது 10 டொலராக இருந்தது. சட்டம் தெரிந்தால் வாக்குவாதம் அரை நிமிடத்தில் முடியும். முதலாளிமாரும் வேலையாட்களுக்கு இதைச் சொல்லிவைப்பதோடு, சச்சரவுக்குப் பின் ஐந்து நிமிடம் பின்னால் போய் இருந்துவிட்டு வர விட வேண்டும். மிரட்டல், கைநீட்டல் என்று போனால் பொறுமைக்கு அங்கே இடமில்லை; 911ஐ அழையுங்கள்.

தலையிடி, நித்திரைக் குறைவு, வீட்டில் பிள்ளைகளில் எரிந்து விழுதல் ஆகியன தொடர்ந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். இரத்த அழுத்தத்தைப் பல மருந்தகங்களில் அளந்து பார்க்கலாம். மனப்பாரம் தாங்கவில்லை என்றால் 811ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் சமூக சேவையாளர் ஒருவருடன் இரவிலும் பேச முடியும். நெஞ்சு நோவு என்றால் நேரே 911.